மூன்றாவது குழாய்

நவம்பர் 4, செவ்வாய்

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத் தெம்பில்லை. நலமாகத்தான் இருப்பாய்.

நீ ஒரு நாளைக்கு மூன்று முறை போன் செய்வது தெரிகிறது. எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன், கத்தினால் பக்கத்து அறையில் உன் அத்தான் விழித்துக்கொள்வார். என் போனிலும் அவர் போனிலும் உன் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது.

எனக்குக் கேட்க வேண்டியது இரண்டு.

காரில் முன்பிருந்த இரும்பு மேனிஃபோல்டை எங்கே வைத்தாய்? ஷெட் முழுக்கத் தேடிவிட்டேன். இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோக அந்த ஒரு இரும்புக் கட்டை ஐம்பது வருஷமாகப் போதுமானதாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு நாலு பளபளக்கும் குழாயை மாட்டியிருக்கிறாய். ஹெடர் என்று பெயர் வேறு. வண்டி கிளம்பினால் தெருவே ஜன்னலைத் திறந்து பார்க்கிறது. நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு எதற்கடா இந்தக் கர்ஜனை?

இரண்டாவது, நாலு நாள் வேலை என்றாய். இருபத்திரண்டு நாள் வண்டியைக் கட்டைமேல் நிறுத்தினாய். வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், திங்கள், புதன், வெள்ளி. கணக்குப் போட்டுப் பார். வாடகை வண்டி கிடைக்காத ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப் போனேன். பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். அதை நான் மறக்கிற வரைக்கும் நீ என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொன்னது சொன்னதுதான்.

அச்சகத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. பிழை திருத்தும் மேஜையில் நான் ஒருத்திதான். மதியத்துக்கு மேல் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி நகர்கிறது. களைப்பு. வேறொன்றும் இல்லை.

அக்கா

*

நவம்பர் 13, வியாழன்

அன்புள்ள அக்கா,

இந்தத் தீவுக் கப்பல் பட்டறைக்குத் தபால் படகு வியாழக்கிழமை மட்டும்தான் வரும், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும், கையெழுத்தைத் திட்டாதே.

பழைய மேனிஃபோல்டு படிக்கட்டுக்குக் கீழே சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. ஆனால் அதை மாட்ட முடியாது. நடுவில் விரிசல் விட்டிருக்கிறது, விரல் நகம் உள்ளே போகும். அதனால்தான் மாற்ற வேண்டி வந்தது. அதை மட்டும் காரணமாகச் சொல்கிறேன்.

இருபத்திரண்டு நாள் ஆனதற்கு மூன்றாவது குழாய்தான் காரணம். இந்த ஹெடர் நம் வண்டிக்கென்றே செய்தது என்று எழுதித்தான் விற்றார்கள். வைத்துப் பார்த்தால் மூன்றாவது குழாய் நேராகப் போய் ஸ்டீயரிங் தண்டில் இடிக்கிறது. இடது பக்கம் திருப்பினால் உரசும். முதலில் குழாயைச் சூடாக்கித் தட்டிப் பள்ளம் வைத்தேன். போதவில்லை. பிறகு அறுத்து, கொஞ்சம் சுழற்றி, மறுபடி வெல்டு வைத்தேன். சரியாக வரவில்லை, மறுபடி அறுத்தேன். நீ ஒவ்வொரு சாயங்காலமும் ஷெட் வாசலில் வந்து நின்று ஒன்றும் பேசாமல் போவாய். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். புது ஹெடர் மாட்டினால், சில நாள் ஓடிச் சூடாகி ஆறிய பிறகு போல்ட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். அதைச் செய்வதற்குள் நீ என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாய். தெருமுனையில் இருக்கும் டிங்கர்காரரிடம் காட்டு. அவர் பேச மாட்டார், ஆனால் வேலைக்காரர். கால் மணி நேர வேலை.

இங்கே ஒரு பழைய கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் குழாய் மாற்றுகிறோம். ஆள் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு துளை, இறங்கிவிட்டால் நினைத்த நேரத்தில் வெளியே வர முடியாது. அறையில் ஆறு பேர். எனக்கு மேல்கட்டில். என் மேலே கூரை, கூரைக்கு மேலே மழை.

அத்தானைக் கேட்டதாகச் சொல். சொல்ல மாட்டாய், தெரியும்.

தம்பி

*

நவம்பர் 23, ஞாயிறு

தம்பிக்கு,

மேனிஃபோல்டைப் பார்த்தேன். விரிசல் இருக்கிறது. சரி.

டிங்கர்காரரிடம் காட்ட மாட்டேன். அந்த வண்டியில் இனி ஒருத்தரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. கால் மணி நேரம் என்பான், கால் வருஷம் ஆக்குவான். வண்டி ஓடுகிறது. எனக்கு அது போதும்.

வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உன்னிடம் சொல்கிறேன். அவர் நன்றாக இல்லை. முன்பெல்லாம் டயாலிசிஸ் முடிந்து வரும்போதுதான் துவண்டு போயிருப்பார். இப்போது போகும்போதே தலைவலி. நர்ஸ் கேட்கிறாள், "என்னம்மா, வரும்போதே மூஞ்சி இப்படி இருக்கு, தூங்கலையா ராத்திரி?" என்று. டாக்டர் மருந்தை மாற்றிப் பார்த்தார். இதயத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார். எல்லாம் முற்றுகிறது போலிருக்கிறது.

அவருக்கு எப்போதும் குளிர்கிறது. மழை வேறு விடுவதில்லை. கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டுப் போர்வையைச் சுற்றி, முன் சீட்டில் என் தோளில் சாய்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி வரும்வரை இன்ஜினை அணைப்பதில்லை. அணைத்தால் கிளம்ப அடம்பிடிக்கிறது.

எனக்கும் மண்டையைப் பிளக்கிறது. அவருக்கு வந்தால் எனக்கும் வந்துவிடுகிறது, ராசி அப்படி. வெள்ளிக்கிழமை சிக்னலில் பச்சை விழுந்தும் எந்தக் காலை எடுக்க வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், எங்கோ தூரத்தில் யாருக்கோ அடிப்பது போல இருந்தது. அச்சகத்தில் ஒரு பக்கத்தில் பதினோரு பிழையை விட்டிருக்கிறேன். முதலாளி அந்தத் தாளை மட்டும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் திருத்திய திங்கள், புதன், வெள்ளித் தாள்கள் எல்லாமே அப்படித்தானாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கொஞ்சம் தலை நிற்கிறது. அதனால்தான் இன்று எழுத முடிகிறது.

உன் குழாயில் காலையில் டிக் டிக் என்று ஒரு சத்தம், சுவர்க்கடிகாரம் மாதிரி. வண்டி சூடானதும் நின்றுவிடுகிறது. அதுவும் என்னைப் போலத்தான், காலையில் முனகிவிட்டுப் பிறகு வாயை மூடிக்கொள்கிறது.

அக்கா

*

டிசம்பர் 4, வியாழன்

அக்கா,

போன வாரம் கடல் சரியில்லை, படகு வரவில்லை. உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. பதினோரு நாள். அதற்குள் நீங்கள் எத்தனை முறை அந்த வண்டியில் ஏறியிருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வண்டியை எடுக்காதே. இதைப் படிக்கும்போது சாவி உன்னிடம் இருக்காது என்று நம்புகிறேன். உனக்கு அடித்தேன், போகவில்லை. மேஸ்திரியின் போனிலிருந்தும் அடித்தேன், தெரியாத எண் என்று எடுக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் டிங்கர்காரரைப் பிடித்தேன். நாளைக் காலை நீங்கள் கிளம்புவதற்கு முன் போய்ச் சாவியை வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவர் மேல் கோபப்படாதே. என் மேல் படு.

விஷயம் இதுதான். அந்த டிக் டிக், புகை கசியும் சத்தம். ஹெடர் இன்ஜினோடு சேரும் இடத்தில் சந்து விட்டிருக்கிறது. சூடானால் இரும்பு விரிந்து சத்தம் அடங்கும், கசிவு முழுக்க அடங்காது. வண்டிப் புகையில் வாசனையே இல்லாத ஒரு விஷம் இருக்கிறது. இங்கே தொட்டிக்குள் இறங்கும் முன் தினமும் அதைப் பற்றித்தான் பாடம் எடுக்கிறார்கள். தலைவலி, களைப்பு, புத்தி மந்தம், வாந்தி. காய்ச்சல் இல்லாத காய்ச்சல் மாதிரி இருக்கும், வெளிக்காற்றுக்கு வந்தால் சரியாகும் என்பார்கள். தினமும் கேட்டுக்கொண்டு கொட்டாவி விடுவேன். இன்று உன் கடிதத்தில் அதே வரிசையில் எழுதியிருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி. கண்ணாடி மூடிய வண்டி. ஞாயிறு சரியாகிவிடுகிறது.

அத்தானின் நோய் முற்றவில்லை, அக்கா. அப்படித்தான் நினைக்கிறேன். உனக்கும் ஒன்றுமில்லை. வண்டிதான்.

படகுக்காரர் கூப்பிடுகிறார்.

தம்பி

*

டிசம்பர் 5, வெள்ளி

உனக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

இன்று காலை அவரைத் தூக்கி உட்காரவைத்து, போர்வை சுற்றி, இன்ஜினைப் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டப் போனேன். திரும்பி வந்தால் அந்த டிங்கர்காரர் கதவுக்குள் கையை விட்டு வண்டியை அணைத்துச் சாவியைச் சட்டைப்பைக்குள் போடுகிறார்! என்னய்யா இது என்றால், "உங்க தம்பி எடுக்க விடாதேன்னாரு" என்கிறார். ஏன் என்றால், "கேஸ் வருதாம்" என்கிறார். "இது பெட்ரோல் வண்டிய்யா, கேஸ் வண்டி இல்லே" என்று நான் கத்த, அவர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறார். அந்த மனிதரின் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்குவதற்குக் கிணறு தோண்டிவிடலாம்.

என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாயா? ஓட்டத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டாயா? சிக்னலில் நின்றதை எழுதினேன் என்பதற்காக ஊரான் ஒருத்தனை விட்டு என் சாவியைப் பறிக்கச் சொன்னாயா? அதற்குத்தான் மனம்விட்டு எழுதினேனா?

கடைசியில் அந்த டிங்கர்காரரே தன் இழுவை லாரியில் எங்களை ஏற்றிப் போனார். ஆள் உட்காரும் இடமெல்லாம் கிரீஸ். ஒரு பக்கத்துக் கண்ணாடியே இல்லை. மழை முகத்தில் அடிக்க அடிக்க அரை மணி நேரம். உன் அத்தான் ஏதோ சுற்றுலா போவது போல வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். தலைவலி இல்லை என்றார். அது வேறு விஷயம்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல். வேறு எதுவும் உன்னிடம் பேச எனக்கு இல்லை.

*

டிசம்பர் 14, ஞாயிறு

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். வெள்ளிக்கிழமை நான் எழுதியது அதற்குள் தபாலில் போய்விட்டது. திரும்ப வாங்க முடியுமா என்று தபால் ஆபீஸில் கேட்டேன். சிரிக்கிறார்கள். கிடைத்தால் கிழித்துப் போடு.

கடிதத்தை எடுத்துக்கொண்டு டிங்கர்காரர் கடைக்கு நானே போனேன். அவர் வந்து பானெட்டைத் திறந்தார். சோப்புத் தண்ணீரை ஒரு தூரிகையில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் பூசிவிட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னார். முதல் குழாய், இரண்டாவது குழாய், நாலாவது குழாய் ஒன்றுமில்லை. மூன்றாவதில் நுரை பொங்குகிறது, பால் பொங்குகிற மாதிரி. அந்த இடத்தைச் சுற்றி மை பூசியது போல் கரி. ஒரு போல்ட்டை விரலாலேயே சுற்றிக் காட்டினார். பிறகு உள்ளே கால்மிதிக்குப் பக்கத்தில் தரைவிரிப்பைத் தூக்கினார். முன்பு ஹீட்டர் குழாய் போன துளை, அடைப்பு விழுந்து வெறுமனே இருந்தது. என் இரண்டு விரல் போகிறது. கசிந்ததெல்லாம் நேராக எங்கள் காலடிக்கு.

"எத்தனை நாளா ஓட்றீங்க?" என்று கேட்டார். ஏழு வாரம் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

டாக்டரிடம் சொன்னேன். இத்தனை நாள் கழித்து ரத்தத்தில் தெரியாது, ஆனால் வண்டியை நிறுத்தியதும் தலைவலி நின்றுவிட்டதென்றால் வேறு சாட்சி வேண்டாம் என்றார். இவருக்கு ரத்தம் ஏற்கெனவே குறைவு, என்னைவிட இவரைத்தான் அது முதலில் கொண்டுபோயிருக்கும் என்றார். இதயப் பரிசோதனையை இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

இரண்டு வாரமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? இவர் போன பிறகு வீட்டை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஓட்டிக்கொண்டே யோசித்தேன். நானே என் தோளில் சாய்த்துவைத்து, நானே கண்ணாடியை ஏற்றிவிட்டு, நானே கொன்றுகொண்டிருந்தேன். இறுக்கச் சொல்லி நீ எழுதினாய். நான்தான் முடியாது என்றேன்.

நேற்று இதைச் சொல்லி அழுதபோது அவர் இன்னொன்று சொன்னார். "அவனைத் திட்டாதேம்மா. ஹெடர் போடச் சொன்னது நான்தான். மேனிஃபோல்டு விரிசல் விட்டிருக்குன்னு அவன் காட்டினான், பழசு ஒண்ணு தேடிப் போடறேன்னான். நான்தான், இருபது வயசிலேர்ந்து ஆசை, ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுப் போறேன்டான்னேன். உங்கிட்டே சொல்லாதேன்னு கெஞ்சினேன்." என்றார்.

நீ ஏன் சொல்லவில்லை? உன்னை வெளியே போகச் சொன்ன அன்று நான் வாசலில் நின்று அத்தனை பேச்சுப் பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அக்கா

*

டிசம்பர் 18, வியாழன்

அன்புள்ள அக்கா,

போன வாரமும் படகு வரவில்லை, உன்னுடைய இரண்டு கடிதமும் இன்று ஒரே படகில் வந்தன. தேதி பார்க்காமல் கோபக் கடிதத்தை இரண்டாவதாகப் படித்துத் தொலைத்தேன்.

அத்தான் சொன்னதைச் சொல்லியிருந்தால் நீ அவரிடம் சண்டை போட்டிருப்பாய். என்னிடம் போட்டால் நான் பஸ் ஏறிப் போய்விடலாம். அவர் எங்கே போவார்?

ஆனால் நீ உன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்வதைப் படித்தபிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷனே இல்லை. போல்ட்டு தளர்ந்தது மட்டும் காரணமில்லை. மூன்றாவது குழாயை இரண்டு முறை அறுத்து வெல்டு வைத்தேனே, அந்தச் சூட்டில் அது இன்ஜினில் உட்காரும் தகடு வளைந்துவிட்டது. எனக்குத் தெரியும். கடைசி நாள் மதியம் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது, ஒரு தாள் கனத்துக்கு. கழற்றி, அரம் போட்டுச் சமமாக்கி மறுபடி மாட்ட இன்னும் ஒரு நாள் வேண்டும். நீ காலையில்தான் பஸ்ஸில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாய். இன்னும் ஒரு நாள் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கும் அலுத்துப் போயிருந்தது. நடுவில் வைக்கும் கேஸ்கெட் தாள் அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறுக்கிவிட்டேன். உள்ளே அந்த ஹீட்டர் துளையின் அடைப்பு விழுந்ததைக் கவனிக்கவே இல்லை.

நீ இறுக்கச் சொல்லியிருந்தாலும் கொஞ்ச நாள்தான் தாங்கியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டு அதற்குப் பிறகு என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்.

ஒரு வாரம் லீவு கிடைக்கிறது, ஜனவரி முதல் தேதிப் படகில் கிளம்பலாம். வந்தால் கதவைத் திறப்பாயா? பழைய மேனிஃபோல்டு ஒன்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஹெடரைக் கழற்றிவிட்டு அதையே மாட்டித் தருகிறேன். அத்தானிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி

*

ஜனவரி 11, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் காலுறை ஒரு ஜோடியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், அனுப்புகிறேன்.

நீ இருந்த ஏழு நாளும் நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நீ வந்த அன்று பையை வைத்த கையோடு ஷெட்டுக்குப் போய்விட்டாய். பழையதை மாட்டப் போகிறாய் என்று இவர் முகம் தொங்கிப் போனதைப் பார்த்தாய் அல்லவா? அதனால்தான் வந்து "ஹெடரே இருக்கட்டும், ஒழுங்கா மாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் வரவில்லை. உன்னை மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் என்னையும் மன்னிக்க வேண்டியிருக்கும். அதற்கெல்லாம் இப்போது சக்தி இல்லை.

ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தத் தகட்டைக் கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி தேய்த்தாய். இரண்டு நாள். அவசரப்படுத்தக் கூடாது என்று நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. சோப்புத் தண்ணீர் பூசியபோது டிங்கர்காரரும் வந்து நின்றார். நாலு குழாயிலும் ஒரு குமிழி இல்லை. "பரவால்லே" என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம்.

புதன்கிழமை நீ ஓட்டினாய், முன் சீட்டிலேயே அவர் நடுவில், நான் ஓரத்தில். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டாய். அவருக்கு இரண்டு போர்வை. பெரிய சாலைக்கு வந்ததும் "கொஞ்சம் மிதிடா" என்றார். நீ மிதித்தாய். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கு அது இன்னமும் வெறும் இரைச்சல்தான்.

அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. விழித்துப் பார்த்தால் வண்டி ஆஸ்பத்திரி மரத்தடியில் அணைந்து நிற்கிறது. உன் சட்டை என் மேல் கிடக்கிறது. நீங்கள் இருவரும் இல்லை. மணியைப் பார்த்தேன். நாலரை மணி நேரம் ஆகியிருக்கிறது. இரண்டு வருஷத்தில் அவர் உள்ளே போகும்போது நான் கூட இல்லாமல் இருந்தது அன்று ஒரு நாள்தான். பதறி எழுந்தேன், கால் மரத்துப் போயிருந்தது. அதற்குள் நீ அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாய். அவர் ஏதோ சொல்ல நீ சிரித்துக்கொண்டு வந்தாய்.

"தூங்கிட்டியாக்கா?" என்று கேட்டாய்.

"இல்லே, சும்மா கண்ணை மூடியிருந்தேன்" என்றேன்.

பொய். தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

அக்கா